நிப்பை முதலில் முடிவு செய்யுங்கள்: ஆச்சா மரத்தில் ஒரு பேனா

மரப் பேனா செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இடித்த வீட்டுத் தூண், புயலில் சாய்ந்த பலா, தாத்தா பெட்டியின் உடைந்த பலகை. இதில் ஒரு பேனா வருமா என்று கேட்கிறார்கள். வரும். ஆனால் மரத்தைப் பற்றிக் கடைசியில் யோசித்தால் போதும். எழுதப்போகிறவர் யார், எந்தத் தாளில் எழுதுவார், என்ன மை போடுவார், அதற்கு எந்த நிப்பு என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். நிப்பு முடிவானால் கழுத்து முடிவாகும், கழுத்து முடிவானால் குழாய் முடிவாகும், அதன் பிறகுதான் மரத்தில் எத்தனை மி.மீ. துளை என்பதே தெரியும். இந்த வரிசையில் போனதால்தான் என் அக்காவுக்கு நான் செய்த பேனா இன்று தினமும் எழுதுகிறது.

அக்கா கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. நாள் முழுவதும் பச்சை மையில் கையெழுத்து. நடுவில் பதிவேடுகளில் இரண்டு மூன்று வரிக் குறிப்புகள். பேனா செய்து தருகிறேன் என்றதும் அவள் சொன்னது இது: "டேய், அழகா இருக்கணும்னு நான் கேக்கல. மூடியைத் திறந்தா உடனே எழுதணும். பதிவேட்டுத் தாள்ல மை ஊறக் கூடாது. அது போதும்."

அந்த நான்கு வாக்கியத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. திறந்ததும் எழுத வேண்டும் என்றால் மூடிக்குள் காற்று புகக் கூடாது. மூடி சீக்கிரம் திறக்க வேண்டும் என்றால் மரையின் சுற்று குறைவாக இருக்க வேண்டும். தாளில் மை ஊறக் கூடாது என்றால் மெல்லிய நிப்பு வேண்டும், அதுவும் அளவாக மை தருவதாக இருக்க வேண்டும்.

கிட் என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொட்டலத்தில் இரண்டு பித்தளைக் குழாய்கள் (மூடிக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று), நிப்பு, நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் நாக்கு, விரல் பிடிக்கும் கழுத்து, மை இழுக்கும் கன்வெர்ட்டர், கிளிப், வளையங்கள், இரு முனைகளுக்கும் குமிழ்கள் எல்லாம் இருக்கும். மரம் மட்டும் நம்முடையது. மரத்தில் துளையிட்டுக் குழாயை ஒட்டி, லேத்தில் கடைந்து, மெருகேற்றி, பாகங்களை இரு பக்கமும் அழுத்திச் செருகினால் பேனா தயார். மை மரத்தைத் தொடுவதே இல்லை. அது கன்வெர்ட்டரில் இருக்கிறது, அதைச் சுற்றிக் குழாய், அதற்கு மேல்தான் மரம். மரத்தில் பேனா செய்வது நடக்கக்கூடிய காரியமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரே கிட்டில் செய்தால் வேலை சுலபம். ஆனால் எல்லாம் நன்றாக அமைந்த ஒரு கிட் கிடைப்பது அபூர்வம். என்னிடம் இரண்டு இருந்தன. முதல் கிட்டின் கிளிப்பும் குமிழ்களும் எளிமையானவை, கனமில்லாதவை, குரோம் முலாம் பூசியவை. நம் ஊர் வியர்வைக்குத் தங்க முலாமைவிடக் குரோம் எவ்வளவோ மேல். தங்க நிறம் விரல் படும் இடத்தில் சீக்கிரமே தேய்ந்து அடியில் உள்ள பித்தளையைக் காட்டிவிடும். ஆனால் முதல் கிட்டின் நிப்பு சிறியது, தாளைக் கீறும். மூடியைத் திறக்கவும் நான்கைந்து சுற்று சுற்ற வேண்டும். இரண்டாவது கிட் இதற்கு நேர் எதிர். அதன் கழுத்து 6 எண் என்ற பெரிய அளவு நிப்பை ஏற்கும், மூடி ஒன்றரைச் சுற்றுக்குள் திறந்துவிடும். ஆனால் குமிழ்களில் பூ வேலை, தங்க முலாம், மூடியின் தலையில் கை உணரும்படி பாரம். மூடியைப் பின்னால் செருகி எழுதினால் பேனா பின்பக்கமாக இழுக்கும்.

நிப்பை முதலில் எடுத்துக்கொண்டேன். ஜெர்மனியின் ஜோவோ நிறுவனத்தின் 6 எண், மெல்லிய முனை, எஃகு. அது நாக்கோடும் சிறு பிளாஸ்டிக் உறையோடும் ஒரே அலகாக வரும், அப்படியே கழுத்தில் திருகிவிடலாம். அந்த உறையின் மரை 7.4 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. இடைவெளி. பாக் (Bock) என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனமும் 6 எண் நிப்பு செய்கிறது, ஆனால் அதன் உறை ஜோவோவுக்கான கழுத்தில் ஏறாது. எண் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பி வாங்கக் கூடாது. கழுத்து எந்த நிறுவனத்தின் அலகுக்காக மரை வெட்டியது என்று கேட்டு வாங்க வேண்டும்.

நாக்கு விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பேனாப் பிரியர்கள் எபோனைட் நாக்கை உயர்வாகச் சொல்வார்கள். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். மை அதில் நன்றாகப் படிந்து தாராளமாக இறங்கும், சூடு காட்டி நிப்போடு ஒட்ட வளைக்கவும் முடியும். தடித்த முனையில், நல்ல தாளில் எழுதுகிறவருக்கு அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் பள்ளிப் பதிவேட்டுத் தாளில் அந்தத் தாராளமே கெடுதல். எழுத்தின் ஓரம் பஞ்சு பஞ்சாகப் பிரியும், அடுத்த பக்கத்துக்கும் ஊறும். அக்காவுக்குப் பிளாஸ்டிக் நாக்குதான் சரி.

இனி இரண்டு கிட்களையும் கலந்து ஒரே பேனா செய்வதைப் பற்றி. இரண்டு கிட்களின் பாகங்களையும் மேஜையில் பரப்பி, வெர்னியர் அளவுகோலால் ஒவ்வொன்றையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். எழுதும்போதே இரண்டு ஜாதி பாகங்கள் இருப்பது தெரியவரும். மரையில் சேர்பவை ஒன்று. அழுத்திச் செருகப்படுபவை மற்றொன்று. கழுத்து, அது திருகப்படும் இணைப்பு வளையம், அந்த வளையத்தின் வெளி மரையில் வந்து பூட்டும் மூடி வளையம், இந்த மூன்றும் ஒரே குடும்பம். இவற்றைப் பிரித்து வேறு கிட்டோடு சேர்க்க நினைத்தால் புதிதாக மரை வெட்ட வேண்டியிருக்கும், அதற்கான டாப்பும் டையும் சாதாரணக் கடையில் கிடைக்காது. அழுத்திச் செருகும் குமிழ், கிளிப், அலங்கார வளையம் ஆகியவற்றை மாற்றலாம். அவற்றுக்கு விட்டம் மட்டும்தான் பிரச்சினை, விட்டத்தை ஒரு வளையம் போட்டுச் சரிசெய்துவிடலாம்.

அதனால் மரைக் குடும்பம் மூன்றையும் அவற்றுக்குரிய குழாய்கள் இரண்டையும் இரண்டாவது கிட்டிலிருந்து எடுத்தேன். கிளிப், இரு குமிழ்கள் முதல் கிட்டிலிருந்து. குமிழ்களின் காம்பு குழாயின் உள்விட்டத்தைவிட ஒரு மி.மீ. சிறியது. அதாவது சுற்றிலும் அரை மி.மீ. சுவருள்ள பித்தளை வளையம் வேண்டும். காம்பு சிறியதாக இருந்தால் பிழைத்தோம். பெரியதாக இருந்து அதைக் குறைக்க லேத்தில் பிடித்தால் முலாமில் தழும்பு விழும். எனவே கலக்கும்போது பெரிய குழாய், சிறிய காம்பு என்ற பக்கமாகவே தேர்ந்தெடுங்கள்.

வளையத்துக்கு நாச்சியார்கோவில் போனேன். குத்துவிளக்கு செய்கிற ஊர். அந்த விளக்கும் அடி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என்று தனித்தனியாக வார்த்து, லேத்தில் கடைந்து, மரையில் கோக்கப்படுவதுதான். பித்தளையில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துவதைப் பற்றி அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் அளவு எழுதிய சீட்டை நீட்டினேன். பட்டறைக்காரர் அதை வாங்கவே இல்லை.

"தம்பி, சீட்டு வேணாம். குழாயையும் காம்பையும் வச்சிட்டுப் போங்க. ரெண்டுலயும் போட்டுப் பாத்துக் கடைஞ்சு தரேன்."

"அண்ணே, ரொம்ப இறுக்கமா வேண்டாம். கொஞ்சம் தட்டினா ஏறுற மாதிரி."

"தட்டினா ஏறணும், இழுத்தா வரக் கூடாது. அதானே?"

அதேதான். நூறில் ஒரு பங்கு மி.மீ. வித்தியாசத்தை எண்ணில் எழுதிக் கொடுப்பதைவிட பாகத்தையே கொடுப்பது எவ்வளவோ மேல். எந்த ஊரில் எந்த லேத்துக்குப் போனாலும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

துளை போடுவதற்கு முன் இன்னும் இரண்டு அளவு பார்க்க வேண்டும். ஒன்று மூடியின் ஆழம். 6 எண் நிப்பு நீளமானது. முதல் கிட்டின் குமிழுக்குக் காம்பும் நீளம். அது மூடியின் உள்ளே இறங்கி இடத்தைத் தின்றுவிடும். மூடி வந்து நிற்கும் விளிம்பிலிருந்து நிப்பின் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு மூடிப் பாகங்களைத் தளர்வாகக் கோத்து, வெர்னியரின் பின்பக்கம் வெளிவரும் கம்பியை உள்ளே விட்டு ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். குறைந்தது 2 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். எனக்கு அவ்வளவு மிஞ்சவில்லை என்று கணக்கு சொன்னதால் காம்பை அரத்தால் ராவிக் குறைத்துக்கொண்டேன். உள்ளே மறையும் பகுதி என்பதால் முலாம் போனால் பரவாயில்லை. மற்றொன்று கன்வெர்ட்டர். அதன் நீளம், அதன் தலைத் திருகின் விட்டம் இரண்டும் உடல் குழாய்க்குள், பின் குமிழில் இடிக்காமல் அடங்குகிறதா என்று பாருங்கள். குமிழை அழுத்திய பிறகு பார்த்தால் எதுவும் செய்ய முடியாது.

இப்போதுதான் மரத்துக்கு வருகிறேன். எங்கள் உறவினர் வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த ஆச்சா உத்தரத்தின் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. தஞ்சாவூர்ப் பகுதியில் ஆச்சாவுக்குத் தனி மரியாதை உண்டு, நாதஸ்வரத்துக்கான மரம் அது. ஆடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைகிறவர்கள் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரம் இனி அதிகம் சுருங்காது, துளையின் அளவு எளிதில் மாறாது என்பதுதான் அவர்கள் பழைய மரத்தை நம்புவதற்குக் காரணம். பேனாவுக்கும் காரணம் அதுவேதான்.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் சுருங்கும், ஈரம் ஏறினால் விரியும். பேனாவில் மரம் ஒன்றிரண்டு மி.மீ. கனமுள்ள ஓடாகப் பித்தளைக் குழாயைச் சுற்றி இருக்கிறது. பித்தளை சுருங்காது. மரம் மட்டும் சுருங்கினால் அது வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐப்பசி அடைமழைக் காற்றில் ஈரம் குடித்த மரத்தில் பேனா செய்து, அதைச் சித்திரையில் குளிர்சாதன அறையில் வைத்துப் பாருங்கள், நீளமாக ஒரு கீறல் விழுந்திருக்கும். காவிரிக் கரை ஊர்களில் இந்த ஈர வித்தியாசம் அதிகம். பழைய மரம் கிடைக்காதவர்கள் புது மரத்தை இரண்டு செ.மீ. சதுரச் சட்டங்களாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் காற்றாட அடுக்கி வையுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு தொடங்கலாம். அதையும் பங்குனி, சித்திரையில் செய்வது நல்லது.

வேறு மரங்களைப் பற்றி என் அபிப்பிராயம் சுருக்கமாக. பலா கடைய இனிமையானது. வீணைப் பட்டறையில் கழிக்கும் துண்டுகள் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் மஞ்சளாக இருந்து வெளிச்சம் பட்டு நாளாக ஆகப் பழுப்பாகும், அந்த மாற்றமே ஒரு அழகு. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்கு முன் துளையின் உட்பக்கத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. பூவரசில் வெளிப்பக்கத்து வெளிறு வேண்டாம், நடுவில் முற்றிய வைரம் மட்டும் எடுங்கள். சந்தனமும் செம்மரமும் சட்டச் சிக்கல் உள்ளவை, கணக்குள்ள இடத்தில் ரசீதோடு வாங்க முடியாவிட்டால் தொடாதீர்கள். பழைய வீட்டு மரம் எதுவானாலும் அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஆணி ஒன்று போதும், டிரில் பிட்டும் போய்விடும், கையிலும் அடிபடும்.

ஆச்சா மிகக் கெட்டி, கனம். முற்றின வைரம் தண்ணீரில் மூழ்கும். அதனால் துளை போடும்போது சூடு ஏறும், சூடு ஏறினால் உள்ளிருந்து விரிசல் விடும். மரத்தை லேத்தின் சக்கில் பிடித்து, பிட்டை எதிர்முனையில் மாட்டி, மெதுவான வேகத்தில், அரை செ.மீ. இறக்கி உடனே வெளியே இழுத்துத் தூளைத் தட்டி மறுபடி இறக்க வேண்டும். என் குழாய்களுக்கு உடலுக்கு 10.5, மூடிக்கு 12.5 மி.மீ. பிட். சட்டத்தைத் தேவையைவிட ஒரு செ.மீ. நீளமாக விட்டிருந்தால், பிட் வெளியேறும் பக்கம் பிய்ந்தாலும் அந்தப் பகுதியை அறுத்து எறிந்துவிடலாம். ஆச்சாத் தூள் மூக்கில் ஏறினால் தொண்டை வரை எரியும். முகக்கவசம் கட்டாயம்.

மூடிக்கும் உடலுக்கும் அடுத்தடுத்த துண்டுகளை எடுத்து, அறுப்பதற்கு முன்பே பென்சிலால் நீளமாக அம்புக்குறி போடுங்கள். மூடியை மூடும்போது மர ரேகை தொடர்ச்சியாக ஓட வேண்டும். இரண்டாவது கிட்டின் மரை மூன்று இடத்தில் தொடங்குகிறது. மூடியை மூன்று விதமாக மூடலாம், அதில் ஒன்றில் மட்டும்தான் ரேகை சேரும். கிளிப்பைப் பொருத்துவதற்கு முன் அந்த நிலையைக் கண்டுபிடித்து, கிளிப் ரேகையின் நல்ல பக்கத்தில் வருமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு உடனே பிடிக்கும் பசை வேண்டாம். குழாய் பாதியில் சிக்கினால் நகராது. இரண்டு டியூபில் வரும் எபாக்சிதான் நல்லது. குழாயின் வெளிப்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு வாயையும் மெழுகால் அடைத்து, பசை தடவி, திருகிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். ஒரு இரவு அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் மெழுகைச் சுரண்டி, முனைகளைக் குழாயின் மட்டத்துக்குச் சரியாகச் செங்குத்தாகச் சீவுங்கள். முனை சாய்ந்திருந்தால் உலோக வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பக்கம் கறுப்புக் கோடாக இடைவெளி தெரியும்.

கடைசலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உளி கூராக இருக்க வேண்டும். ஆச்சா உளியைச் சீக்கிரம் மழுக்கும் என்பதால் அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். கடையும்போது அளவு காட்ட மரத்தின் முனைகளில் மாட்டும் வளையங்கள்தான் புஷ்கள்; கிட்டோடு வருபவை அந்தக் கிட்டின் வளைய விட்டத்துக்கானவை. கலப்புப் பேனாவில் முன் முனைக்கு இரண்டாவது கிட்டின் புஷ், பின் முனைக்கு முதல் கிட்டின் குமிழ் அளவு. பின் முனையை வெர்னியர் பார்த்துத்தான் கடைய வேண்டும். அக்காவின் கை சிறியது, உடலை நடுவில் வயிறு வைக்காமல் நேராகவே விட்டேன்.

மெருகுக்கு நம் ஊரில் அரக்குதான் பழக்கம். சொப்புச் சாமான்களுக்கு அது பொருத்தம். பேனாவுக்கு நான் போடுவதில்லை, ஈரக் கை பட்டுப் பட்டு அரக்கு வெளுத்துப்போகும். வெளிர் மரங்களுக்கு மெல்லிய சூப்பர் குளூவைப் பல பூச்சாகப் பூசித் தேய்ப்பது கண்ணாடி மாதிரி நிற்கும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும், ஆவி கண்ணை எரிக்கும். ஆச்சாவுக்கு அது கூடத் தேவையில்லை. 2000 எண் உப்புத்தாள் வரை தேய்த்துத் தேன்மெழுகு போட்டால் போதும். கைப்பட்டுக் கைப்பட்டு அது தானே பளபளக்கும்.

பாகங்களை அழுத்துவதற்குப் பெஞ்ச் வைஸ் போதும், தாடைகளில் மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். வளையம் போட்ட காம்புகளைச் சுற்றி ஒரு சொட்டு எபாக்சி விட்டேன். வளையம் நகராமல் இருக்கும், கிளிப் இடுக்கு வழியாக மூடிக்குள் காற்றும் போகாது. பசை காய்ந்த பிறகு மூடியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று எங்கும் கசியாமல் நின்றால்தான் நிப்பு காயாது. எங்காவது கசிந்தால் உள்ளிருந்து இன்னொரு சொட்டு.

புது நிப்பிலும் நாக்கிலும் தயாரிப்பின்போது பட்ட எண்ணெய் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட தண்ணீரைக் கன்வெர்ட்டரால் இழுத்து வெளியேற்றி, பிறகு வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மை போடுங்கள். பேனாவுக்கென்று விற்கும் சாதாரணப் பச்சை மை போதும். வரைவதற்கு விற்கும் இந்தியன் இங்க் உள்ளே காய்ந்தால் நாக்கின் வாய்க்காலை நிரந்தரமாக அடைத்துவிடும், அதை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். எழுதும்போது ஒரு பக்கம் கீறினால் உருப்பெருக்கியில் நிப்பின் இரண்டு பல்லும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உயர்ந்த பல்லை நகத்தால் மெல்ல அழுத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அக்காவிடம் கொடுத்தபோது அவள் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் நாலைந்து கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மை ஊறவில்லை. "மரம் எந்த மரம்டா?" என்று அப்புறம்தான் கேட்டாள்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்து காற்று காய்ந்ததும் ஒருமுறை பேனாவை வாங்கிப் பார்க்கிறேன். மரமும் உலோகமும் சேரும் நான்கு இடங்களிலும் நகத்தை ஓட்டினால் போதும். நகம் தட்டுப்பட்டால் மரம் சிறிது அசைந்திருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் தொட்டு, மெழுகு போட்டு, கன்வெர்ட்டரை அலசித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.